திருப்பூரில் நான் சொல்லாமல் விட்டது

ரயிலை விட்டு இறங்கியதும், எங்கே குண்டு விழுந்தது என்று பார்த்தேன். அத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணி. திருப்பூர் ரயில் நிலையத்துப் படிகளில் ஆண்களும் பெண்களும் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு முகத்திலும் பயம் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக மனிதர்கள் ஓடுவதைப் பார்த்து எனக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

வெளிவாசலில் என் கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. திரும்பிக் குசுமாவைப் பார்த்தேன். அவள் கை பைக்குள் போகவில்லை. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பத்து நாளில் அது முதல் தடவை.

எங்கள் இருவரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் புவனேஸ்வரி, தையல் டீச்சர். என் கிராமம் வவுனியாவுக்கு வடக்கே இருக்கிறது. இராணுவம் ஊரைப் பிடித்தபோது ஓடிப்போய், ஐந்து வருடம் அகதி முகாம் கொட்டிலில் கிடந்து, சண்டை நின்ற பிறகு திரும்பியவள். வீடு திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூடமும் சந்தைக் கட்டடமும் இராணுவத்திடமே இருந்தன. குசுமா வவுனியாவுக்குத் தெற்கே ஒரு சிங்களக் கிராமத்துக்காரி. அவள் ஊரிலும் இரவோடு இரவாக வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டவர்கள் உண்டு. ஊர்க்காவலுக்கென்று துப்பாக்கி வாங்கிய ஆண்கள், சண்டை நின்ற பிறகும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பதினான்கு மைல் தூரம், நான்கு சோதனைச் சாவடிகள்.

அது 2003. சண்டை நின்ற இடத்தில் சீக்கிரம் வேலை வராவிட்டால் சண்டை திரும்பி வரும் என்று சொல்லிக்கொண்டு ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் எங்கள் பக்கம் வந்திருந்தது. எண்பது தையல் மெஷின்களோடு ஒரு பனியன் தொழிற்சாலை தருவார்கள். ஒன்றுதான் தருவார்கள். என் ஊரிலா, குசுமாவின் ஊரிலா என்பதை நாங்கள் இருவருமே திருப்பூரில் பத்து நாள் வேலையைப் பார்த்துவிட்டு, அங்குள்ள நிர்வாகியிடம் ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொண்டு, சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். சண்டைக்காரர்களைச் சேர்த்து வைப்பதற்கு அந்த நிறுவனம் கண்டுபிடித்த வழி அது.

எனக்கு அந்தத் தொழிற்சாலை என் ஊரில்தான் வேண்டும். என் மகள் சுதாவுக்குப் பத்தொன்பது வயது. பதினாறில் துப்பாக்கி தூக்க இயக்கத்துக்குப் போனவள், சண்டை நின்றதும் திரும்பி வந்துவிட்டாள். படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் இயக்கத்து ஆள் ஒருவர் வந்து, வாசல் படலையடியில் நின்று அவளோடு மெதுவாகக் கதைத்துவிட்டுப் போவார். போன பிறகு அவள் அன்று முழுவதும் சாப்பிட மாட்டாள். குசுமாவின் ஊரில் தொழிற்சாலை வந்தால் சுதா நான்கு சாவடிகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு சாவடியிலும் அவளுடைய பழைய கதையைத் தோண்டுவார்கள்.

குசுமாவிடம் இதை நான் சொல்லவில்லை. பொதுவாகவே அவளிடம் எதையும் சொல்லவில்லை. முகாமில் கற்றுக்கொண்ட சிங்களம் எனக்கு ஓரளவு வரும். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. ஆகவே திருப்பூரில் அவளுடைய காதும் வாயும் நான்தான்.

ஆட்டோக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்து, "மலையாளங்களா?" என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். "பேசறது அப்படித் தெரியலீங்களே," என்றார் மிக மரியாதையாக. எந்த மொழிக்காக என் ஊரில் அத்தனை பேர் செத்தார்களோ, அந்தத் தமிழ் இங்கே எனக்கு ஒரு ஆட்டோக்காரரின் சந்தேகத்தைத்தான் கொடுத்தது.

முதல் நாள் இரவு உணவு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய். எங்களைத் தங்கவைத்த கம்பெனி விடுதியின் சமையல்காரம்மா இரண்டு தடவை போட்டார். மறுநாள் காலை எங்கள் இடியப்பம் போல ஒன்று வந்தது. சந்தகை என்றார். குசுமா ஊரிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாடு இடித்த சம்பலைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தாள். வாசனை கூடம் முழுக்கப் பரவியது. சமையல்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இது கெட்டுப்போனதுங்களா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்த வாசனையில் வாய் ஊறியது. ஆனாலும், "ஓம், அவையின்ர ஊரில இப்படித்தான் சாப்பிடுவினம்," என்று சொல்லி, என்னையும் அந்த அம்மாவையும் ஒரு பக்கமும் குசுமாவை மறு பக்கமும் வைத்தேன்.

தொழிற்சாலை மூன்று மாடி. கீழே துணி வெட்டுகிறார்கள், நடுவில் தைக்கிறார்கள், மேலே பிசிறு வெட்டி, சரிபார்த்து, இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். நிர்வாகி சண்முகசுந்தரம் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா. "எங்க போனாலும் கேளுங்க, தொடுங்க, ஓட்டிப் பாருங்க. இங்க ஒளிவு மறைவு இல்லீங்க," என்றார்.

தையல் மாடியில் நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மெஷின்களைப் பார்த்து அல்ல. தன் பிள்ளை கணக்கில் குறைந்த மார்க் வாங்கியதற்காகத் தைத்துக்கொண்டே அழுத ஒரு பெண்ணைப் பார்த்து. மருதாணி சரியாகச் சிவக்கவில்லை என்று காலையிலிருந்து மாலைவரை குறைப்பட்ட இன்னொருத்தியைப் பார்த்து. இரவு எட்டரைக்கு ஷிப்ட் முடிந்ததும் முப்பது நாற்பது பெண்கள் தெருவின் குறுக்கே நிரம்பி, பேக்கரியில் தேநீரும் தேங்காய் பன்னும் வாங்கித் தின்றுகொண்டு, இருட்டைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் நடந்து போனார்கள். எங்கள் ஊரில் ஆறு மணிக்குப் படலை சாத்திவிடுவோம்.

குசுமா என் பக்கத்தில் நின்று சிங்களத்தில் சொன்னாள்: "அக்கே, இவர்களுக்குத் தெரியுமா, தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று?"

அவள் மனதிலும் அதேதான் ஓடுகிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் இஸ்திரி மேசைப் பக்கம் ஒரு கைகலப்பு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவருக்கும் பீகாரிலிருந்து வந்த ஒருவருக்கும் தங்கும் அறையில் இடம் பிடித்ததில் பழைய கோபம். "எல, தொட்டுப் பாரு பாப்போம்!" என்று இவர் சத்தம் போட, அவர் இந்தியில் ஏதோ கத்தினார். பக்கத்தில் நின்றவர், 'என் படுக்கையைத் தெருவில் எறிந்துவிட்டு என்னையே திருடன் என்கிறான்' என்று சொல்லுவதாக எனக்கு விளக்கினார். சட்டைகள் கிழிந்தன. நான் பழக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். குசுமாவும் உட்கார்ந்துவிட்டாள். நின்றவர்கள் எல்லாரும் எங்கள் இருவரையும்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

சண்முகசுந்தரம் வந்தார். இரண்டு பேரையும் அரை நாள் லீவு போட்டுப் போகச் சொன்னார். மதியம் இருவரும் திரும்பி வந்து ஆளுக்கொரு மூலையில் வேலை செய்தார்கள். அவ்வளவுதான். எனக்கு நம்ப முடியவில்லை. "நாளைக்கு இவை ஆளைச் சேர்த்துக்கொண்டு வரமாட்டினமோ?" என்று கேட்டேன்.

"வரமாட்டாங்கம்மா. இங்க புடிக்கலீன்னா பக்கத்துச் சந்துல இன்னொரு கம்பெனி. அங்க புடிக்கலீன்னா பல்லடத்துல தறி ஓட்டப் போவான். போறதுக்கு இன்னொரு எடம் இருக்கறவன் சண்டையைக் கடைசி வரைக்கும் இழுக்க மாட்டானுங்க."

நான் சுதாவை நினைத்தேன். அவளுக்குப் போக இருந்த இன்னொரு இடம் காடு மட்டும்தான். அவர் சொன்னதை மட்டும் குசுமாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள், "என் தம்பிக்கு அந்த இன்னொரு இடம் இராணுவம்," என்றாள். அவன் எங்கள் பக்கத்து இராணுவ முகாம் ஒன்றில்தான் இருந்தானாம். பர்ஸிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினாள். ஒரு கிணற்றுக் கட்டில் காலை வைத்து, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். யார் வீட்டுக் கிணறோ. என்னுடையதாக இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன்; அல்ல. இராணுவம் பிடித்து வைத்திருந்த அந்தப் பகுதியில் எங்கள் ஆட்களின் கிணறுகளில் எங்களால் வாளி விட முடியாது. அவள் தம்பியால் முடியும். படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "நல்ல பிள்ளை," என்றேன்.

நான்காம் நாள் அது நடந்தது.

சண்முகசுந்தரம் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடித் தடுப்புப் போட்ட சிறிய அறை. யார் யாரோ மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்கள். கடிதம் எழுத அவருக்குச் சில விவரங்கள் வேண்டும். முதலில் குசுமாவின் ஊரைப் பற்றிக் கேட்டார். மெஷின் ஓட்டத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்களா? மின்சாரம் எப்படி?

குசுமா நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "என் ஊரிலும் சுற்றிலும் கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்கள் அறுபது பேர் இருக்கிறார்கள். நானே சூப்பர்வைசராக இருந்தவள். நாளைக்கே மெஷினில் உட்காருவார்கள். பெரிய மின்சார இணைப்பு இன்னும் வரவில்லை. ஆனால் கம்பம் நட்டுவிட்டார்கள், இரண்டு மாதத்தில் வந்துவிடும்."

அவர் என்னைப் பார்த்தார். குசுமாவும் என்னைப் பார்த்தாள், நம்பிக்கையோடு.

எத்தனை அலுவலகங்களில் நான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்! எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சடித்த படிவம். நடுவில் ஒருவர். நான் ஐந்து நிமிடம் அழுது சொன்னதை அவர் ஐந்து சொல்லில் சொல்லி முடிப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் தலையாட்டுவார்கள். நான் வெளியே வருவேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"அவ சொல்லுறா, பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினமாம். பழக்க வேணும். கரண்ட் இல்லையாம்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். குசுமா எனக்கு நன்றி சொல்வது போலச் சிரித்தாள்.

பிறகு என் ஊரைப் பற்றிக் கேட்டார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கண்ணிவெடி கிண்ணிவெடி ஏதாச்சும் இருக்குமுங்களா?"

தொழிற்சாலைக்கென்று நாங்கள் காட்டியிருந்த காணியில் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் போகும் ஒழுங்கைப் பாதையின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகை நட்டிருந்தது.

"இல்லை. எல்லாம் எடுத்திட்டினம்," என்றேன்.

அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன். வெற்றி என்பது அப்படித்தான் இருந்தது, சூடாக, வயிறு நிறைய. குசுமா தன் பங்கு வாழைப்பழத்தையும் எனக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. சரிபார்க்கும் பகுதியில் வேலை செய்யும் லூர்து மேரி எங்களைப் பல்லடத்தில் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். என் வயது இருக்கும், ஐம்பதுக்குப் பக்கம். அதிகம் பேசாதவர். ஏன் அழைக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பல்லடம் போகும் தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் காதைப் பிய்த்தது. கூட்டத்தில் குசுமா பின்னால் தள்ளப்பட்டுவிட்டாள். பல்லடத்தில் நான் முன்வாசலால் இறங்கித் திரும்புவதற்குள் விசில் ஊதி, பஸ் அவளோடு போய்விட்டது. பின்னால் ஓடினேன். கத்தினேன். கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று என் முகத்தில் இறகும் தூசியும் அடித்துவிட்டுப் போனது.

நாற்சந்தியில் அரை மணிக்கு மேல் நின்றேன். மொழி தெரியாத சிங்களப் பெண், தமிழ்நாட்டில், தனியாக. எனக்கு வந்த படங்கள் எல்லாம் எங்கள் ஊரில் பார்த்தவை. பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று கதையே வராதவர்கள்.

எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து குசுமா இறங்கினாள். கூடவே கீரைக்கூடையோடு ஒரு பெண். "உங்க கூட வந்தவங்களாம்மா? பல்லடம் பல்லடம்னு மட்டும் சொல்லி அழுதுட்டே இருந்தாங்க. ஊமையோ என்னமோன்னு நெனச்சேனுங்க. பாவம், தனியா உட மனசு வரல, கூடவே ஏறி வந்துட்டேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா திரும்பவும் தன் வழிக்கு பஸ் பிடிக்கப் போனார்.

குசுமா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை அக்கே. கார்டு கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என் நாட்டில், தவறான இடத்தில் இறங்கிய எனக்குக் கிடைக்காத அந்தத் தண்ணீர், தமிழ்ப் பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்தது. அதுதான் மனதில் நின்றது. இவ்வளவு சின்னத்தனம் என்னிடம் இருந்தது என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

லூர்து மேரியின் வீடு தறிச் சத்தம் நிற்காத ஒரு தெருவில் இருந்தது. கோழிக் குழம்பு வாசனை வாசலுக்கு வந்தது. கதவைத் திறந்த அவர் என்னைப் பார்க்கவில்லை. குசுமாவைப் பார்த்து, தட்டுத்தடுமாறி, துருப்பிடித்த சிங்களத்தில், "வாங்கள் தங்கச்சி, வழியில் கஷ்டமாக இருந்ததா?" என்று கேட்டார்.

குசுமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். நான்காம் நாள் அந்தக் கண்ணாடி அறைக்குள் மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து வைத்தவர்களில் லூர்து மேரியும் ஒருவர்.

சாப்பாடு முடிந்து குசுமா முன்னறையில் தறித் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். லூர்து மேரி குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் பேச்சு வெளியே கேட்காது.

"நான் உங்க நாட்டுல பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க. இருவது வயசுல இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி அனுப்பிச்சாங்க. அன்னிக்கு அந்தப் புள்ள சொன்னது அறுவது பேருன்னு. நீங்க சொன்னது அது இல்லீங்களே."

நான் தட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

"எங்கப்பாவுக்கு ஃபாரம் படிக்கத் தெரியாது. நடுவுல நின்னவன் படிச்சுச் சொன்னான், அண்ணன் தங்கச்சி எல்லாம் ஒண்ணாத்தான் போவீங்கன்னு. அதுல அப்படி எழுதலீங்க. எங்கண்ணன் அங்கியே நின்னுட்டான். அவன் சாவுக்குக்கூட நான் போகல. நடுவுல நின்னவன் எதுக்கு அப்படிச் சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவனுக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கும்."

"எனக்கு ஒரு மகள் இருக்கிறா," என்றேன்.

"இருக்கட்டுமுங்க. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்களே சொல்லீருங்க," என்று குழாயை மூடினார்.

திரும்பி வரும்போது குசுமா என் கையைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள், மறுபடி தொலைந்துவிடாதபடி. விடுதி அறைக்கு வந்ததும் சொன்னேன். அறுபது பேரை விழுங்கியதை, மின்சாரத்தை, கண்ணிவெடியை. ஏன் செய்தேன் என்று கேட்பாளே என்று சுதாவையும் சொன்னேன். ஒரு இராணுவக்காரனின் அக்காவிடம், என் மகள் எங்கே இருந்தவள் என்பதை என் வாயாலேயே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பயம் எனக்கு உறைத்தது.

குசுமா கத்தவில்லை. கட்டிலை இழுத்து மறுசுவரோரம் போட்டாள். மறுநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். சம்பல் போத்தலைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அதற்கு மறுநாள் காலை, தலையைச் சீவிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்றைக்கு அவரிடம் போவோம். நான் சொல்வதைச் சொல்லு. அவர் சொல்வதைச் சொல்லு. நடுவில் நீ இருக்காதே. அந்த மேரி அக்காவும் கூட இருக்க வேண்டும்."

கண்ணாடி அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். குசுமா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நான் முடித்த பிறகு லூர்து மேரியைப் பார்ப்பாள். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வாக்கியம். கடைசியில் என் முறை வந்தது. ஒழுங்கைக் கரையில் இருக்கும் சிவப்பு நாடாவைப் பற்றிச் சொன்னேன்.

சண்முகசுந்தரம் பேனாவை மூடினார். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தாலும் மரியாதை குறையாத ஊர் அது. "அப்பவே சொல்லீருக்கலாமில்லீங்கம்மா. நான் எழுதிக் குடுத்திருந்தா, நாளைக்கு ஒரு புள்ள கால் போயிருந்தா, என்னங்க பண்றது?"

அவர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். குசுமாவின் ஊர்.

எழுதி முடிப்பதற்குள் நான் கேட்டேன், வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் என் ஊர்ப் பெண்களாக இருக்க வேண்டும், அழைத்துப் போக பஸ் வேண்டும், அதையும் எழுதுங்கள் என்று. குசுமாவுக்கு மொழிபெயர்த்தேன், சரியாக.

"பாதி முடியாது. என் அறுபது பேரை நான் என்ன செய்வேன்? மூன்றில் ஒரு பங்கு."

"பயிற்சி நான் கொடுப்பேன்."

"நான் சூப்பர்வைசர்."

"சரி."

"பஸ்ஸில் நானும் வருவேன். இல்லாவிட்டால் சாவடியில் உங்களை மத்தியானம்வரை வைத்திருப்பார்கள்."

அதை அவள் அன்பாகச் சொல்லவில்லை. வேலை கெட்டுப்போகும் என்ற கணக்கில் சொன்னாள். இதையெல்லாம் அவர் தாளில் சேர்த்துக்கொண்டார். மீதி நாட்களில் ஓவர்லாக் மெஷினில் தையல் நேராக வருவதற்குத் துணியை எப்படி இழுக்காமல் விட வேண்டும் என்று குசுமா எனக்குச் சொல்லித் தந்தாள். அவள் என்னைவிட வேகமாகத் தைப்பாள். அதுவும் எனக்குப் பொறாமைதான்.

கிளம்பிய அன்று லூர்து மேரி ரயில் நிலையத்துக்கு வந்து, வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டித் தந்தார். குசுமாவிடம் பதுளையில் ஒரு சந்தியின் பெயரைச் சொல்லி, அது எப்படி இருக்கிறது என்று கேட்டார். குசுமா அந்தப் பக்கம் போனதே இல்லை. "நன்றாக இருக்கிறது," என்றாள்.

தொழிற்சாலை திறக்க ஏழு மாதம் ஆயிற்று. என் ஊரிலிருந்து இருபத்தாறு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலை பஸ் வந்தபோது பதினொரு பேர்தான் வந்தார்கள். சுதாவை நான் வரச் சொல்லவில்லை. முந்தின வாரம் மோட்டார் சைக்கிள்காரர் வந்து போயிருந்தார். அவள் தலையை வாரிப் பின்னி, சாப்பாட்டுப் பெட்டியோடு பதினோராவது ஆளாக வந்து பஸ்ஸில் ஏறினாள். "அம்மா, ஒண்டும் கேளாதேங்கோ," என்றாள். முன் சீட்டில் குசுமா உட்கார்ந்திருந்தாள். சுதாவை ஏற இறங்கப் பார்த்தாள். நான்தான் பெயரைச் சொல்லியிருந்தேனே.

மூன்றாவது சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் அதிகாரி ஒருவன் பெயர்ப் பட்டியலை வாங்கி, எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். பிறகு குசுமாவிடம் சிங்களத்தில் கேட்டான்: "இவர்களில் இயக்கத்தில் இருந்தவள் யார்? உனக்குத் தெரிந்திருக்குமே."

எனக்கு விளங்கியது. சுதாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

குசுமா இடுப்பில் கையை வைத்தாள். "எட்டரைக்கு மெஷின் ஓட வேண்டும். இப்போதே எட்டு. இவர்கள் பதினொரு பேரும் என் லைனில் தைக்கிறவர்கள். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. முதல் நாளே தாமதமானால் அந்த வெள்ளைக்காரர்களுக்கு நீ வந்து பதில் சொல்கிறாயா? உன் அம்மாவை இப்படி வெயிலில் நிறுத்துவாயா? பட்டியலைக் கொடு!"

அவன் முகம் சிவந்தது. சுற்றி நின்ற சிப்பாய்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பட்டியலைக் கொடுத்தான்.

பஸ்ஸில் ஏறும்போது குசுமா என்னைப் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு எதிரே நான் உட்கார்ந்தேன். சுதா ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல நினைத்தேன், சிங்களச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் உண்மையில் அப்போது என் மனதில் இருந்தது வேறு. துப்பாக்கி வைத்திருப்பவனிடம், தன் தாய்மொழியில், தன் குரலில், அப்படி எரிந்து விழ அவளால் முடிகிறது. என் மகளுக்காக அதைச் செய்ய என்னால் முடியாது. வண்டி நான்காவது சாவடிக்குப் போய்ச் சேரும்வரை நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே போனேன்.